வீடு ஒழித்துக் கொடுத்தபோது

பெங்களூரில் மல்லேசுவரத்துக்கும் ராஜாஜி நகருக்கும் இடையே ஸ்ரீராம்புரம் என்றொரு பேட்டை உண்டு. குறுகிய தெருக்களும், தோளோடு தோள் உரசி நிற்கும் வீடுகளுமாக அமைந்த இடம். அங்கே என் தாய்மாமனுக்கு ஓர் ஓட்டு வீடு இருந்தது. மாமன் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆயின. அத்தைக்கு எண்பத்திரண்டு வயது. தனியே இருக்க இயலாது. நகரின் மறுகோடியில் குடியிருக்கும் மகனுடன் அவர் போவதென்றும், வீட்டை விற்றுவிடுவதென்றும் முடிவாயிற்று. ஆடியில் வீடு மாறக்கூடாது என்று அத்தை சொல்லிவிட்டதால் பத்திரப் பதிவு ஆவணிக்குத் தள்ளிப் போயிற்று. சாமான்களை ஒதுக்குவதற்கு அந்த இடைவெளி வசதியாக அமைந்தது. உதவிக்கு என்னையும் அழைத்தார்கள். எட்டு நாட்கள் அந்த வீட்டில் தங்கினேன். அந்த எட்டு நாட்களில் கண்டதையே இன்று சொல்ல முற்படுகிறேன்.

சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் குடியேறிய நம்மவர்களுக்கு இது புதிய அனுபவம் அல்ல. மும்பையில் மாதுங்காவிலும் தாராவியிலும், தில்லியில் கரோல்பாக்கிலும், வந்து குடியேறிய முதல் தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. கோலார் தங்கவயலில் 2001ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டபின் பெட்டி கட்டிய குடும்பங்கள் பல. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாள் பரணிலிருந்து பெட்டிகள் இறங்கத்தான் போகின்றன. அப்போது யார் அருகில் இருக்கிறார்கள் என்பது பெரிய விஷயம்.

ஸ்ரீராம்புரத்துக்குத் தமிழர் வந்த கதை நீண்டது, சுருக்கமாகவே சொல்லுகிறேன். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு 1864ஆம் ஆண்டிலேயே ரயில் வந்துவிட்டது. பின்னி நிர்வாகத்தில் இயங்கிய பஞ்சாலை 1884இல் தொடங்கிற்று. பிறகு வேறு ஆலைகளும் வந்தன. அவற்றுள் மினர்வா ஆலையின் பெயரை அரசியல் சட்டம் பயில்வோர் எல்லாரும் அறிவர். 1980இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய புகழ் பெற்ற தீர்ப்பு அந்த ஆலையின் பெயராலேயே வழங்குகிறது. வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து ரயில் ஏறி வந்தவர்கள் தறியிலும் கதிரிலும் வேலை செய்தார்கள், சுற்றுப்புறத்தில் குடியேறினார்கள். என் மாமனும் அப்படி வந்தவரே. ஆலைகளின் சங்கு ஓய்ந்து வெகு காலம் ஆயிற்று. 2014ஆம் ஆண்டு முதல் அந்தப் பேட்டையின் பெயரைத் தாங்கி ஒரு மெட்ரோ ரயில் நிலையமும் நிற்கிறது. நான் போய் இறங்கியதும் அங்கேதான்.

நான் போய்ச் சேர்வதற்கு முன்பே வேலை பாதி நடந்திருந்தது. அத்தையின் பேரன், பொறியியல் படித்த பிள்ளை, மிகவும் ஒழுங்கானவன், பரணிலும் இரும்புப் பெட்டிகளிலும் இருந்த காகிதங்களையெல்லாம் இறக்கி இரண்டு கோணிப்பைகளில் நிரப்பி வைத்திருந்தான். முதல் பையில் இருந்தவை கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அமைந்தவை: கிரயப் பத்திரம், அதற்கு முந்திய தாய்ப் பத்திரத்தின் நகல், வரி கட்டிய ரசீதுகள், வீட்டு வரிப் பதிவேட்டில் பெயர் ஏறியதற்கான சான்று (அதை அங்கே கத்தா என்பார்கள்), மின்சாரச் சீட்டுகள், ஆலையில் தந்த சேமநிதிக் கணக்கு. இரண்டாவது பை இதைவிடப் பெரியது. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

“அதெல்லாம் தமிழ், மாமா. எங்களுக்குப் படிக்க வராது. நாளைக்குப் பழைய பேப்பர்காரர் வருகிறார்” என்றான்.

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டில் தமிழ் பேசுகிறான். பாட்டியுடன் அழகாகவே பேசுகிறான். பள்ளியில் படித்தது கன்னடமும் ஆங்கிலமும். வாழும் ஊரின் மொழியை அவன் நன்கு கற்றது மெச்சத் தக்கதே. அவன் தகப்பனாருக்கும் தமிழ் எழுத்துகள் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆகவே அந்த வீட்டில் காகிதங்கள் பயன் உள்ளவை, பயன் அற்றவை என்று பிரியவில்லை; படிக்கக் கூடியவை, படிக்க முடியாதவை என்று பிரிந்திருந்தன. படிக்க முடியாதது தராசுக்குப் போவதாக இருந்தது.

எனக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். நான் அந்தப் பையைப் பிரித்து உட்கார்ந்தது ஆடிப் பதினெட்டுக்கு முந்திய நாள். அந்தத் தேதி நினைவுக்கு வந்ததும் வேறொரு நினைவும் உடன் வந்தது. பழைய ஏடுகளை ஆடிப் பெருக்கன்று ஆற்று நீரில் விட்டுவிட்ட வீடுகளைப் பற்றி மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் (1855–1942) வருந்தி எழுதியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூரில் ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டதாகக் கேட்டு அவர் பதைத்ததும் பலர் அறிந்த செய்தி. அப்படிச் செய்தவர்கள் தமிழ் அறியாதவர்களோ, ஏட்டை இகழ்ந்தவர்களோ அல்லர். செல்லரித்த ஓலையைப் படிக்க அவர்களுக்குத் தெரியவில்லை. குப்பையில் எறியவும் மனம் வரவில்லை. ஆகவே ஆற்றுக்கும் அக்கினிக்கும் கொடுத்தார்கள். நம் காலத்தில் ஆறும் வேண்டியதில்லை. கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று வாசலுக்கே வந்து எடுத்துப் போகிறார்கள்.

இதற்கு நேர்மாறாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்பவர் இருந்தார். பெயர்ப் பலகை எழுதும் ஓவியர். பிறர் வேண்டாம் என்று கழித்த அச்சுக் காகிதங்களை அவர் தேடித் தேடிச் சேர்த்தார். நூல்களும் பத்திரிகைகளும் மட்டும் அல்ல. நாடக நோட்டீசு, திருமண அழைப்பிதழ் என்று ஒருவரும் பொருட்படுத்தாதவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் காலமானபோது, ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகளை அவர் விட்டுச் சென்றிருந்தார். தலைவர் மறைந்த வீட்டில் இத்தனை காகிதத்தை என்ன செய்வது? சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கிற்று. வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டு போகாமல், சென்னையிலேயே 1994இல் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைய வழி செய்தது. தரமணியில் இன்று அந்த நூலகம் இருக்கிறது. தமிழ் அச்சின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் வாசலை மிதிக்காமல் எழுத முடியாது. ஒரு வீட்டை ஒழிக்கும்போது சில மாதம் பொறுத்திருந்ததால் கிடைத்த பயன் இது. அதே வட்டாரத்தில் செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்களும் கதவுகளும் பீங்கான் பாத்திரங்களும் தனித்தனியே பிரிந்து காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்பதையும் காணலாம். அவை எந்த வீட்டில் இருந்தவை, யார் கையில் புழங்கியவை என்பதை அவை சொல்லமாட்டா.

என் மாமன் வீட்டுக் கோணிப்பையில் ஒரு நூலகத்துக்குரிய செல்வம் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலும் கடிதங்களே இருந்தன. 1950இல் வழக்குக்கு வந்த அந்த நீல நிற உள்நாட்டுக் கடிதங்கள், ஆண்டு வாரியாக நூல் கட்டி வைக்கப்பட்டிருந்தன. மேல் விலாசத்தைப் பார்த்தே காலம் சொல்லலாம். முதலில் ‘பெங்களூர்–21, மைசூர் ஸ்டேட்’ என்று இருந்தது. 1972இல் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு வந்தபின் 560021 ஆயிற்று. 1973 நவம்பரில் மாநிலத்தின் பெயர் மாறியபின் ‘கர்நாடகா’ வந்தது. ஆனால் ஊரிலிருந்து எழுதிய என் தாத்தாவுக்கு மட்டும் கடைசி வரையில் அது மைசூர் ஸ்டேட்டுதான்! மணியார்டர் ரசீதுகள் ஒரு கட்டு. இருபது ரூபாய், இருபத்தைந்து ரூபாய். ஊரில் மழை இல்லை என்று ஒரு கடிதம். மாடு கன்று போட்டதென்று ஒன்று. பாட்டி இறந்த செய்தியைத் தாங்கிய ஒரு தந்தி. தந்தி என்ற ஏற்பாடே 2013இல் நின்றுவிட்டது. அந்தப் பேரனுக்கு அதன் வடிவத்தைக் காட்டி விளக்க வேண்டியிருந்தது.

அடியில் ஒரு நீளக் கணக்கு நோட்டு இருந்தது. சிவப்பு அட்டை, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அது மொய் நோட்டு.

மொய் என்பது அன்பளிப்புப் போலத் தோன்றினாலும் உண்மையில் திருப்பித் தரவேண்டிய கடமை என்பது நேயர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் வீட்டுத் திருமணத்தில் ஒருவர் பதினொரு ரூபாய் எழுதினால், அவர் வீட்டு விசேஷத்தில் நான் அதற்குக் குறையாமல் எழுத வேண்டும். கொடுத்தவர் கேட்கமாட்டார், ஆனால் மறக்கவும் மாட்டார். வெளியூருக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு இந்த நோட்டே ஊரோடு கட்டிய கயிறு. மாமன் அதை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதி வந்திருக்கிறார். ஐந்து ரூபாய் மொய்கூட விடுபடவில்லை. திருப்பிச் செய்தவற்றுக்கு நேரே ஒரு சிறு கோடு. செய்யாதவற்றுக்குக் கோடு இல்லை. நான் பெயர்களை வாசிக்க வாசிக்க, அத்தை கண்ணை மூடிக்கொண்டு இன்னார் மகன், இன்னார் மருமகன், இப்போது இன்ன ஊரில் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பேரன் தன் கைப்பேசியில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்தான். அச்சு எழுத்தானால் அந்தக் கருவியே படித்துச் சொல்லிவிடும். மாமனின் சாய்வெழுத்துக்கு முன் அது தடுமாறிற்று.

கடைசிப் பக்கம் வந்ததும் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

அங்கே மாமன் எழுதியிருந்தது இவ்வளவே: “அக்காவிடம் வாங்கிய நகை 11 பவுன். வீட்டுக்காக. 1968.” அதன் கீழே, “அக்கா மகள் கலியாணத்துக்குத் திருப்பியது 4 பவுன். 1979.” அருகே என் பெரியம்மாவின் கையெழுத்து. அதற்கும் கீழே, “பாக்கி 7.” அதன்பின் கோடு இல்லை.

மாமனின் அக்காள் என்றால் என் தாயின் தமக்கை, என் பெரியம்மா. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. அவருடைய மகள், எனக்கு அக்காள் முறை, ஜோலார்பேட்டைக்கு அருகே ஒரு கிராமத்தில் இருக்கிறார். என் சங்கடத்தை நீங்கள் ஊகிக்கலாம். அந்த வீட்டில் அப்பக்கத்தைப் படிக்க வல்லவன் நான் ஒருவன்; படித்தால் பயன் அடைவது என் பக்கத்து உறவு. படிக்காமல் அட்டையை மூடியிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மறுநாள் தராசு வருகிறது. சிறிது நேரம் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகு உரக்கப் படித்தேன். எழுத்தின் மேல் விரலை வைத்து, என் மைத்துனன் தானே கூட்டி வாசிக்கும்படியும் செய்தேன்.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவன் சொன்னது முழுக்கச் சட்டப்படி சரியானது. கடனுக்கு வழக்குத் தொடுக்க 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் மூன்று ஆண்டுகளே தருகிறது. இது ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கணக்கு. அப்பா வேறு வழியில் கொடுத்துத் தீர்த்திருக்கலாம், எழுத மறந்திருக்கலாம். அப்படியே கொடுப்பதானாலும் அன்றைய விலைக்கு வட்டி சேர்த்துக் கொடுப்பதே நியாயம் அல்லவா? 1968இல் ஒரு பவுன் நூற்றைம்பது ரூபாய்க்கும் குறைவு. இன்றைய விலையை நான் சொல்ல வேண்டுமா? பணமாகக் கணக்கிட்டால் சில ஆயிரத்தில் முடிவது, பொன்னாகக் கணக்கிட்டால் பல லட்சம் ஆகிறது.

அத்தையின் மகள், மைசூரிலிருந்து வந்திருந்தவள், குறுக்கிட்டாள்: “பெரியவர்கள் கொடுத்தது ரூபாயா, நகையா?”

வீட்டை விற்பதில் அவளுக்கும் சம உரிமை உண்டு. உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் ஒரே அளவு பங்கு. பல குடும்பங்களில் பெண்களின் கையெழுத்தைப் பதிவுக்கு முந்திய வாரத்தில்தான் நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் எழும் மனக்கசப்புக்கு அளவே இல்லை. இங்கே அப்படி இல்லை என்பது ஆறுதல்.

அத்தை அதுவரை வாய் திறக்கவில்லை. பிறகு ஒன்று சொன்னார். 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி நகரில் கலவரம் மூண்டபோது, ஸ்ரீராம்புரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு ரயில் ஏறின. மாமன் குடும்பமும் போயிற்று. சாவியை வாங்கி வைத்து, இரவெல்லாம் திண்ணையில் படுத்து வீட்டைக் காத்தவர் எதிர்வீட்டுக் கன்னடப் பெரியவர். “அன்றைக்கு உங்கள் அப்பா கையில் எடுத்துக்கொண்டது இரண்டே சாமான். ஒன்று வீட்டுப் பத்திரம். மற்றது இந்தச் சிவப்பு நோட்டு. கொடுத்துத் தீர்த்திருந்தால் இதை ஏன் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்? ஐந்து ரூபாய் மொய்க்குக் கோடு போட்ட மனுஷர், ஏழு பவுனுக்குப் போட மறப்பாரா? அண்ணி ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காததால்தான் அவர் எழுதி வைத்தார்” என்றார்.

பேச்சு அத்துடன் அன்று முடியவில்லை. மைத்துனன் வெளியே போய்விட்டு இரவு வெகு நேரம் கழித்து வந்தான். அவனைக் கல் நெஞ்சன் என்று எண்ண வேண்டாம். மகள் படிப்புக்குக் கடன் வாங்கியிருக்கிறான். வீட்டு விலையில் தன் பங்கை ஏற்கெனவே மனத்துக்குள் செலவழித்துவிட்டான். நாம் எல்லாரும் செய்வதுதான்.

மற்றச் சாமான்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஆட்டுக்கல்லை எடுக்க ஆள் இல்லை. வாங்குபவர் இடித்துக் கட்டப்போகிறவராதலால் அது முற்றத்திலேயே தங்கிற்று. பித்தளைப் பாத்திரங்கள் இருபதுக்கு மேல் இருந்தன. அண்டா, தவலை, குண்டான், செம்பு. பழைய பாத்திரக்காரருக்கு எடை மட்டுமே தெரியும். ஆனால் விளிம்பில் உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பதை, தராசில் வைக்குமுன் துடைத்துப் பார்க்க வேண்டும். யார் சீராகக் கொடுத்தது, எந்த ஊர், என்ன தேதி என்பது அதில் இருக்கும். அத்தை எழுத்தைப் பார்க்கவே இல்லை. விளிம்பை விரலால் தடவியே, இது என் தாய்மாமன் வைத்தது, இது ஆலைச் சிநேகிதர்கள் சேர்ந்து வாங்கித் தந்தது என்று சொன்னார். ஆறு பாத்திரங்களை வைத்துக்கொண்டோம். மிச்சத்தை எடைக்குக் கொடுத்தோம். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இன்றைய வீடுகளில் இடம் ஏது? வைத்துக்கொள்ளாததைப் பற்றி நான் வருந்தவில்லை. பாராமல் கொடுப்பதே தவறு என்று படுகிறது.

பையில் ஒரு பழைய வங்கிப் புத்தகமும் இருந்தது. பத்து ஆண்டுகள் ஒருவரும் தொடாத கணக்கின் பணத்தை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்கு அனுப்பிவிடுகின்றன. ஆனால் வாரிசுகளின் உரிமை போய்விடுவதில்லை. அப்படிப்பட்ட கணக்குகளைத் தேடிப் பார்க்க ரிசர்வ் வங்கி 2023இல் ‘உத்கம்’ என்ற இணைய வசதியை ஏற்படுத்தியிருக்கிறது. பேரன் அதில் தேடினான். சிறு தொகை ஒன்று இருந்தது. அச்சான பொருள்களில், ஆலைத் தொழிலாளர் நடித்த நாடகங்களின் நோட்டீசுகள் சில கிடைத்தன. அவற்றைத் தனியே கட்டி வைத்தோம். அல்சூரில் 1950 முதல் இயங்கிவரும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் உண்டு. அங்கே கேட்டுவிட்டுப் பிறகு சென்னைக்கு எழுதலாம் என்று சொல்லி வைத்தேன்.

ஆவணியில் பத்திரம் பதிவாயிற்று. அடுத்த வாரம் என் அக்காள் கிராமத்திலிருந்து வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் தாயார் நகை கொடுத்ததைச் சொன்னதே இல்லை. தம் திருமணத்துக்கு மாமன் போட்ட நான்கு பவுனை மாமன் சீர் என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தார். வேண்டாம் என்று இரண்டு முறை மறுத்தார். அத்தை மடியில் வைத்த ஏழு பவுன் காசுகளை மூன்றாம் முறை வாங்கிக்கொண்டார். மூவரும் சமமாகப் பகிர்ந்து போட்ட காசு அது. மைத்துனன் தன் பங்கைத் தானே கடைக்குப் போய் வாங்கி வந்திருந்தான்.

கணக்கை முடித்து எழுத வேண்டும் என்று அவன்தான் சொன்னான். நோட்டை எடுத்து, தகப்பனாரின் “பாக்கி 7” என்ற வரிக்குக் கீழே எழுதினான். தமிழ் எழுத வராதாகையால் கன்னடத்தில் எழுதினான்: ஏழு பவுனும் கொடுத்தாயிற்று, தேதி, கையெழுத்து. சாட்சியாக நான் தமிழில் கையெழுத்திட்டேன். பேரன் ஓர் அடிக்கோல் கொண்டுவந்து, நேராக ஒரு கோடு போட்டான்.

அந்தப் பக்கத்தில் தம் தாயாரின் கையெழுத்து இருப்பதால் நோட்டைத் தாம் வைத்துக்கொள்ளலாமா என்று அக்காள் கேட்டார். மொய்ப் பக்கங்கள் கைப்பேசியில் இருந்தபடியால் அத்தை கொடுத்துவிட்டார். சிவப்பு நோட்டு இப்போது ஜோலார்பேட்டைக்கு அருகே அந்தக் கிராமத்து வீட்டில் இருக்கிறது. அங்கே கன்னடம் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.